கோமாளி மீன்களுக்கு ஊற்றிய தண்ணீர்

ஜூன் 1, ஞாயிறு

நாயகம் நேற்று ஜெர்மனிக்குக் கிளம்பிவிட்டான். மூன்று மாத வேலை. போகிற பிள்ளை, "பிரஷர் மாத்திரையை மறக்காதீங்கப்பா" என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று பார்த்தேன். மீன்தொட்டியைப் பற்றி ஒரு மணி நேரம் பாடம் எடுத்துவிட்டுப் போய்விட்டான்.

ஹாலில் நாலடி நீளத்துக்கு நிற்கிறது அந்தத் தொட்டி. உள்ளே கடல்தண்ணீர், பாறை, ஏழெட்டு நத்தை, முதுகில் சிவப்புக் கோடு போட்ட இரண்டு இறால், ரோஜா நிறத்தில் ஒரு கடல் சாமந்தி. பெயர்தான் சாமந்தி. பூ இல்லை, விரல் விரலாக நீட்டிக்கொண்டு, தொட்டதைக் கொட்டுகிற பிராணி. அதற்குள் புகுந்து புகுந்து வருகின்றன இரண்டு கோமாளி மீன்கள். ஆரஞ்சு உடம்பு, மூன்று வெள்ளைப் பட்டை. வேறு மீன் கிட்டப் போனால் சாமந்தி பிடித்துத் தின்றுவிடுமாம். இவற்றை மட்டும் ஒன்றும் செய்யாதாம்.

என் வேலை இரண்டு. காலையும் மாலையும் ஒரு சிட்டிகை தீனி. ஆவியாகிக் குறைகிற அளவுக்கு தினமும் தண்ணீர். "உப்புத் தண்ணிதானலே ஊத்தணும்?" என்று கேட்டேன். "உப்பு ஆவியாகாதுப்பா. தண்ணி மட்டும்தான் போகும். அதனால ஆர்.ஓ. தண்ணிய அப்படியே ஊத்துங்க. வேற எதுவும் செய்யாதீங்க" என்றான். மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ரிடையர் ஆனவனுக்கு ஆவியாதல் பாடம்.

ஜூன் 4, புதன்

பெரிய மீன் பெண், சின்னது ஆண் என்று பிருந்தா சொன்னாள். மருமகளுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்குச் சொல்லத் தேவையே இல்லை, பார்த்தாலே தெரிகிறது. பெரியது எங்கள் வள்ளியூர் ஆபீஸ் சூப்பிரண்டு அம்மாவேதான். தீனி போட்டால் அவள் முதலில். சின்னது குறுக்கே வந்துவிட்டால் ஒரு முறைப்பு. உடனே அது உடம்பைச் சாய்த்து வெடவெடவென்று நடுங்கிக் காட்டுகிறது. "தப்புதாம்மா, மன்னிச்சிருங்க" என்று அர்த்தமாம். பியூன் என்று பெயர் வைத்துவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

தொட்டியைச் சுத்தம் செய்ய கஜபதி வந்திருந்தான். கொளத்தூர்ப் பையன். பையன் என்கிறேன், முப்பத்தைந்து இருக்கும், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். மாதம் இரண்டு ஞாயிறு வருகிறான். சென்னையில் இதுபோல இருபது வீட்டுத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறான். பாறையைத் துடைக்கக் கையை விட்டதும் சூப்பிரண்டு அம்மா விரலைக் கடித்தாள். "ஐயே, மாசாமாசம் என்னிய இதே மாரி கடிச்சிகினே இருக்குது சார். இன்னா பகையோ" என்று சிரித்தான்.

காபி கொடுத்தேன். டம்ளரை அவனே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான்.

ஜூன் 9, திங்கள்

நாயகம் சொல்லிவிட்டுப் போனபடி ஆர்.ஓ. தண்ணீரை ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேனில் பிடித்து வைத்து மறுநாள் ஊற்றிக்கொண்டிருந்தேன். மனசுக்கு ஒப்பவில்லை. ஆர்.ஓ. தண்ணீரே செத்த தண்ணீர். அதிலிருந்து எல்லாச் சத்தையும் உறிஞ்சி எடுத்தாகிவிட்டது. அதைக் கொண்டுபோய் பிளாஸ்டிக்கில் வைத்தால் உயிருள்ள ஜீவன்கள் எப்படித் தாங்கும்?

நான் குடிப்பது செம்புக் குடத்துத் தண்ணீர். ராத்திரி ஊற்றி வைத்துக் காலையில் வெறும் வயிற்றில் இரண்டு டம்ளர். அறுபத்தாறு வயதில் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிறேன். என்னிடம் இன்னொரு செம்புக் குடம் சும்மா கிடக்கிறது, பெரியது. இன்று புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, மீன்களுக்கான தண்ணீரை அதில் ஊற்றி வைத்திருக்கிறேன். தாமிரபரணிக் கரையில் பிறந்தவனுக்கு இதைச் சொல்லித்தர ஜெர்மனியிலிருந்து ஆள் வரவேண்டாம். நாயகத்திடம் சொல்லவில்லை. சொன்னால் இன்டர்நெட்டைக் காட்டுவான்.

ஜூன் 19, வியாழன்

முட்டை! சாமந்தியின் காலடியில், பாறையில், அச்சு வெல்லத் துண்டு அகலத்துக்கு ஆரஞ்சுப் பொடி. பிருந்தாதான் பார்த்தாள். நாயகத்துக்குப் படம் அனுப்பினாள். இதுவரை இட்டதே இல்லையாம். "அப்பா கைராசி" என்று பதில் போட்டிருந்தான்.

கைராசி இல்லை, தண்ணீர். பத்து நாளில் வேலை செய்துவிட்டது.

முட்டையிட்டதோடு அம்மாவின் வேலை முடிந்தது. பியூன்தான் காவல். வாயால் ஒவ்வொன்றாகத் துடைக்கிறான், துடுப்பால் விசிறுகிறான், கெட்டுப்போனதைப் பொறுக்கித் தின்கிறான். தீனி போட்டால்கூட ஓடிவந்து ஒரு வாய் கவ்விக்கொண்டு திரும்பி ஓடுகிறான். நாயகம் பிறந்தபோது நான் கோயில்பட்டியில் லைன் இழுத்துக்கொண்டிருந்தேன். பதினோராம் நாள்தான் போய்ப் பார்த்தேன்.

ஜூன் 27, வெள்ளி

இரண்டு நத்தை மல்லாந்து கிடந்தன. எடுத்துக் குப்பையில் போட்டேன். வயசாகியிருக்கும்.

முட்டைகளில் கண் தெரிந்தது, நேற்றுப் பொரிந்துவிட்டது போலிருக்கிறது. குஞ்சு ஒன்றும் மிஞ்சவில்லை. மிஞ்சாது என்று கஜபதி முன்பே சொல்லியிருந்தான்.

ஜூலை 3, வியாழன்

இன்னும் மூன்று நத்தை. ஓர் இறாலைக் காணோம். பாறைக்குள் ஒளிந்திருக்கும். பிருந்தா வங்கியிலிருந்து வருவதற்குள் நத்தைகளை அப்புறப்படுத்தினேன். அவள் நாயகத்திடம் சொல்ல, அவன் கவலைப்பட, எதற்கு. அப்பா சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று வரும்.

ஜூலை 6, ஞாயிறு

கஜபதி வந்தான். சாமந்தி கொஞ்சம் சுருங்கியிருக்கிறது என்றான். பாதித் தண்ணீரை மாற்றினான். உப்பு, அமோனியா எல்லாம் பார்த்தான், சரியாகத்தான் இருந்ததாம். நத்தை எங்கே காணோம் என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவசரமாக இருந்தான். போரூரில் ஒரு வீட்டில் மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய். அங்கே மருந்து போட்டுவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறான். மதியம் இன்னும் இரண்டு வீடு.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் எழுந்து வந்தால் தொட்டி அரிசி களைந்த தண்ணீர்போல வெளுத்திருந்தது. ஹால் முழுக்க நாற்றம். சாமந்தி பாறையை விட்டுக் கழன்று மூலையில் கூழாகக் கிடந்தது. சூப்பிரண்டு அம்மா மணலில் பக்கவாட்டில் கிடந்தாள். வாய் மட்டும் ஒரு தடவை திறந்தது. பியூன் பக்கத்தில் நின்றான். நான் கண்ணாடியைத் தட்டினேன். அவன் நகரவில்லை.

பிருந்தா போன் போட்டதும் கஜபதி உடனே வண்டியில் வந்துவிட்டான், சட்டைப் பொத்தான்கூடச் சரியாகப் போடாமல். பியூனைப் பிடித்துப் புதுத் தண்ணீர் வாளியில் விட்டான். சாமந்தியைக் கையால் அள்ளி அள்ளி எடுத்தான். அம்மாவை எடுத்தபோது செத்திருந்தாள். அவளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றான்.

பிறகு சின்னச் சின்னக் குழாய்களில் தண்ணீர் பிடித்து மருந்து விட்டுச் சோதித்தான். கடைசியாக ஒன்று நீலமாக மாறியது. அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தான். அவன் முகம் போன போக்கை என்னால் எழுத முடியவில்லை.

"காப்பர் சார்."

"என்னது?"

"காப்பரு. தாமிரம். மீனு கொஞ்சம் தாங்கும் சார். நத்தை, எறாலு, இந்த சாமந்தி அனிமோன், இதுங்களுக்கு ஒரு துளி போதும். விஷம். அனிமோன் செத்து அழுகிச்சா, அந்த அழுகல்லதான் மீனு போச்சு." சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டான். "போரூர்ல போட்டது காப்பர் மருந்து சார். வெள்ளைப்புள்ளிக்கி அதான் போடுவோம். அந்த பக்கெட்டதான் இங்க எத்துனு வந்தேன். கழுவித்தான் எத்துனு வந்தேன். கழுவுனேன்னுதான் நெனிக்கிறேன்."

நானும் பிருந்தாவும் நின்றுகொண்டிருந்தோம்.

"சார், நத்தைங்கல்லாம் எப்ப சார் செத்துச்சி? நான் அன்னிக்கி வர்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"நீங்க வந்துட்டுப் போன பொறவுதான் தம்பி."

இப்படித்தான் சொன்னேன். எனக்கு அப்படித்தான் ஞாபகம் இருந்தது. சட்டென்று கேட்டால் யாருக்குத் தேதி ஞாபகம் வரும்.

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். பிருந்தா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். போவதற்கு முன் தொட்டித் தண்ணீர் முழுவதையும் மாற்றிப் பியூனைத் திரும்ப விட்டுவிட்டுப் போனான்.

ஜூலை 14, திங்கள்

முப்பத்திரண்டு வருஷம் தாமிரக் கம்பியோடு புழங்கினவன் நான். தாமிரத்தால் ஒரு ஈ எறும்பு செத்து நான் பார்த்ததில்லை. கோயிலில் தீர்த்தம் எதில் கொடுக்கிறார்கள்? மருந்து வேறு, பாத்திரம் வேறு. அந்த மருந்தில் ரசாயனம் இருக்கும். பாத்திரத்தில் என்ன இருக்கிறது.

கொத்தமல்லிக்கட்டு வாடியதை வாங்கி வந்துவிட்டேன். பிருந்தா அதை அப்படியே ஆய்ந்து வைத்தாள்.

ஜூலை 16, புதன்

பெரிய செம்புக் குடம் அதன் இடத்தில் இல்லை. சமையலறை மேடைக்குக் கீழே வைத்திருந்தேன். பிருந்தாவிடம் கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

ஜூலை 17, வியாழன்

கஜபதி விட்டுப்போன சோதனைப் பெட்டி தொட்டிக்குக் கீழே அலமாரியில் இருந்தது. பிருந்தா வேலைக்குப் போனதும் எடுத்தேன். எதை எத்தனை சொட்டு விடவேண்டும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது. முதலில் குழாய்த் தண்ணீர்: நிறம் மாறவில்லை. ஆர்.ஓ. தண்ணீர்: மாறவில்லை. பிறகு நான் குடிக்கிற சின்னக் குடத்திலிருந்து, ராத்திரி முழுக்க இருந்த ஆர்.ஓ. தண்ணீர்.

குழாயை நன்றாகக் கழுவித் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

நாயகம் வீடியோவில் வந்தான். இந்த மாதிரித் தொட்டி வைத்திருக்கும் சென்னைக்காரர்கள் எல்லோரும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்களாம். நடந்ததை அங்கே எழுதிவிட்டானாம், கஜபதியை யாரும் வீட்டுக்குள் விடவேண்டாம் என்று.

"பாவங்க. அவர் பொழப்பே அதுதானே" என்றாள் பிருந்தா.

"பொழப்புன்னா பொறுப்பு வேணும்ல. நாலு வருஷமா வளர்த்தேன். அவரே ஒத்துக்கிட்டாரு, பக்கெட் அவரோடதுன்னு. என்னப்பா, அப்படித்தானே?"

"ஆமா, அவனேதான் சொன்னான்" என்றேன்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. அவன் சொன்னது வாஸ்தவம். பிருந்தா என்னைப் பார்த்தாள். எதற்கென்று தெரியவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

தூக்கம் சரியில்லை. வெயில்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கஜபதி வந்திருந்தான். பிருந்தா உள்ளறையில் இருந்தாள், தலைவலி என்று. நான் மட்டும்தான் ஹாலில்.

கையில் ஒரு தெர்மாகோல் பெட்டி. அதற்குள் பிளாஸ்டிக் பையில் ஒரு குட்டிச் சாமந்தி, பச்சை நிறம். தண்ணீரை மூன்று தடவை சோதித்துப் பார்த்துவிட்டுப் பாறையில் வைத்தான். பியூன் கிட்டே வந்து வந்து விலகினான். ஆளில்லாத பாறையிலேயே இருபது நாளாகப் படுத்துக்கொண்டிருந்தவன்.

"இது எதுக்கு தம்பி? இதுக்கு எவ்வளவு..." என்று ஆரம்பித்தேன்.

"வேணாம் சார், இருக்கட்டும். நான் பண்ண தப்புக்கு." உட்காரச் சொன்னேன், நுனியில் உட்கார்ந்தான். "இந்த வேலைய விட்டுட்டேன் சார். மச்சான் தண்ணி கேன் கம்பெனி வெச்சிருக்கான் பாடியில. கேன் ஏத்தப் போறேன். கஸ்டமர்ல பாதி பேரு கூப்புட்றதில்ல. அது கூட பரவால்ல, மீதி பேர் வீட்டுக்கு என்னாலயே போ முடில. தொட்டில கைய வெச்சா நடுங்குது."

"ஒரு தப்புதானே. எல்லாருக்கும் வாறதுதான்."

"இல்ல சார். கழுவுனேன்னு நல்லா தோணுது. போரூர்ல பின்பக்கம் கொழா கீது. அதுல கவுத்து ஊத்துனாப்புல கண்ணுக்குள்ள தெரியுது. அப்பால, அது வேற ஒரு நாளோன்னு தோணுது. இப்ப வீட்ல கேஸ் மூடுனேனான்னு நாலு வாட்டி எய்ந்து போயி பாக்குறேன். புள்ளைக்கி மருந்து ஊத்துனா எத்தினி ஸ்பூனுன்னு ஊட்டுக்காரிய கேக்குறேன். அவ சிரிக்கிறா." அவன் சிரிக்க முயன்றான். "சாரு மனசுல எதுவும் வெச்சிக்காதீங்க. மன்னிச்சிருங்க."

அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. வரவில்லை. அதற்குப் பதில் நான் எழுந்து அவன் தோளில் கை வைத்து, "மறதி மனுஷனுக்கு உள்ளதுதான் தம்பி. நான் ஒண்ணும் மனசுல வைக்கல. போயிட்டு வாங்க" என்று சொன்னேன்.

அவனை மன்னித்துவிட்டேன். அவன் என் காலைத் தொடக் குனிந்தான்.

குடித்த காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். வைத்தவன் திரும்பிப் போய் எடுத்து, இன்னொரு தடவை கழுவினான்.

ஆகஸ்ட் 9, சனி

பியூன் குட்டிச் சாமந்திக்குள் குடியேறிவிட்டான். இனி அவன் அவள். பெண் செத்துவிட்டால் அந்த ஆணே பெண்ணாக மாறிவிடும் என்று நாயகம் போனில் சொன்னான். சில மாதம் ஆகுமாம். இப்போதே நடத்தை மாறிவிட்டது. நடுங்குவது கிடையாது. தீனி போடும் கையை முறைக்கிறது. பெரிதாகிறது. நாயகம் திரும்பி வந்ததும் சின்னதாக இன்னொன்று வாங்கி விடுவானாம், அது நடுங்கும்.

எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. செத்தவளின் இடத்தில் வெட்கமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. எழுதிவிட்டு யோசித்தால், அதன் மேல் எனக்கு என்ன கோபம்? அது அதன் பிறவிக் குணத்தைச் செய்கிறது. யாரிடமும் போய் "நீதான் கொன்றாய்" என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

குடியிருப்பில் கொடியேற்றம். முன்னாள் அரசு ஊழியர் என்று என்னை ஏற்றக் கூப்பிட்டார்கள். முட்டி வலி என்று சொல்லிவிட்டேன். முட்டி வலிக்கவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வாசலில் தண்ணீர் கேன் போட வந்த ஆளைப் பார்த்துக் கஜபதி என்று நினைத்து உள்ளே ஓடிவந்துவிட்டேன். ஓடித்தான் வந்தேன், இந்த வயதில், குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். வேறு யாரோ.

வெளியே வந்தால் பிருந்தா டைனிங் டேபிளில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவர் இந்தப் பக்கம் வர மாட்டார் மாமா" என்றாள்.

"யாரு?"

அவள் என் பக்கம் ஒரு பிடி பீன்ஸை வைத்தாள். நானும் உட்கார்ந்து ஒரு கத்தியை எடுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் இருவரும் நறுக்கினோம்.

"அந்தக் குடத்த எடுத்துப் பரண்ல வெச்சது நான்தான்."

"எப்ப தெரியும் உனக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

"அவர் காப்பர்னு சொன்னப்பவே. தினமும் நீங்க அந்தக் குடத்துலேர்ந்து மொண்டு ஊத்துறதப் பாத்திருக்கேனே. அது இப்படி ஆகும்னு எனக்கும் அப்பத் தெரியாது மாமா, தெரிஞ்சிருந்தா தடுத்திருப்பேன்."

"அப்ப ஏம்மா சொல்லல? அவன்கிட்ட, நாயகத்துக்கிட்ட..."

"சொன்னா உங்க பிள்ளை உங்களப் பேசுவாரு. நீங்க பெட்டியத் தூக்கிட்டு ஊருக்குக் கிளம்பிடுவீங்க. அப்புறம் ஆயுசுக்கும் ரெண்டு பேருக்கும் நடுவுல நான்." பீன்ஸைத் தள்ளி வைத்தாள். "நீங்களே சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். நாலு நாள், ஒரு வாரம், ஆறிட்டு சொல்வீங்கன்னு. அப்புறம் கஜபதி வந்து அழுதாரு. நான் கதவுக்குப் பின்னாடிதான் மாமா நின்னேன். நீங்க அவர மன்னிச்சீங்க."

அழுதானா? அவன் அழுததை நான் எழுதவில்லை. அழுதான்.

"எனக்கு உங்க மேல கோபம் அன்னிக்குத்தான் வந்துச்சு. தண்ணி ஊத்தினதுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். சொல்லாமல் இருந்ததற்கு அவளும் தூங்காமல் கிடக்கிறாள் என்பது அவள் கண்ணைப் பார்த்தால் தெரிகிறது. அதுவும் என் கணக்கில்தான்.

ஆகஸ்ட் 25, திங்கள்

நாயகத்திடம் சொல்லிவிட்டேன். முதலில் புரியவில்லை அவனுக்கு. "குடமா? என்ன குடம்?" என்றான். புரிந்ததும் கத்தினான். "வேற எதுவும் செய்யாதீங்கன்னு சொன்னேன்லப்பா! ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" கேட்டுக்கொண்டேன். நான் எத்தனை லைன்மேனை இந்த மாதிரிக் கத்தியிருக்கிறேன்.

ஓய்ந்ததும், "சரி விடுங்க, குரூப்ல நான் பாத்துக்கறேன். நீங்க யார்கிட்டயும் எதுவும் பேச வேண்டாம்" என்றான்.

சாயங்காலம் பிருந்தா அவன் எழுதியதைக் காட்டினாள். 'தாமிரம் வேறு காரணத்தால் கலந்தது தெரியவந்துள்ளது. கஜபதி மீது தவறில்லை. வருந்துகிறேன்.' வேறு காரணம். என் பெயர் எங்கும் இல்லை. பிள்ளை என்னைக் காப்பாற்றிவிட்டான். படித்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

கஜபதி அந்தக் குழுவிலிருந்து எப்போதோ விலகிவிட்டானாம். அவனுக்கு இது போய்ச் சேராது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பாடிக்குப் போனேன். பிருந்தா கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். நாளை பிள்ளையார் சதுர்த்தி. தெருவெல்லாம் களிமண் பிள்ளையாரும் குடையும் கூட்டமும். ஆட்டோ நகரவில்லை. இறங்கி நடந்தேன்.

தண்ணீர்க் கம்பெனி ஒரு தகரக் கொட்டகை. கஜபதி மினி லாரியில் கேன் ஏற்றிக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் கேனை இறக்கி வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தான். "இன்னா சார் இவ்ளோ தூரம்? மீனுக்கு எதுனா ஆச்சா?"

"மீனு நல்லாருக்கு. தம்பி, நான் ஒண்ணு சொல்லணும். நடுவுல ஒண்ணும் கேக்காதீங்க, முழுக்க சொல்லிருதேன்."

வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்திருந்தேன். நல்லெண்ணத்தில் செய்தது, வயசான காலம், அறியாமை என்று நாலு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை. செம்புக் குடத்தில் வைத்து ஊற்றினேன் என்றேன். ஜூன் ஒன்பதாம் தேதியிலிருந்து, ஜூலையில் மீன் சாகிற வரைக்கும், தினமும் ஊற்றினேன் என்றேன். சோதித்துப் பார்த்தேன், நீலமாக மாறியது, எனக்குத் தெரியும், தெரிந்துதான் அன்றைக்கு உன் தோளில் கை வைத்தேன் என்றேன். 'உன்' என்று வந்துவிட்டது.

உள்ளே யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். காதில் விழவில்லை.

"நத்தை?" என்றான்.

"ஜூன் கடைசில ரெண்டு செத்துச்சு. ஜூலை ஆரம்பத்துல மூணு. நாந்தான் எடுத்துப் போட்டேன்."

"ஜூன்லயா?" விரல் விட்டு ஏதோ எண்ணினான். "நான் போரூர் போனது ஜூலை ஆறு."

"ஆமா."

"அன்னிக்கி நான் கேட்டேனே சார். முன்னாடியா பின்னாடியான்னு."

"கேட்டீங்க. பொய் சொன்னேன்."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவன் என்னைப் பார்த்தான், பிறகு என்னைத் தாண்டித் தெருவைப் பார்த்தான்.

"அப்ப பக்கெட்ட நான் கழுவிக்கிறேன்."

"கழுவியிருக்கீங்க தம்பி."

"கொழா கிட்ட. கவுத்து ஊத்தி. அது அன்னிக்கிதான். வேற நாளு இல்ல."

"அன்னிக்குத்தான்."

அவன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். கை ஈரமாக இருந்ததால் இரண்டு மூன்று தடவை அழுத்த வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் எடுத்ததும், "ஏய், நான்தான். பக்கெட்ட கழுவிட்டேன்டி. ஆமா, அந்த பக்கெட்டுதான். கழுவித்தான் எத்துனு போயிக்கிறேன்" என்றான். அவள் என்ன கேட்டாளோ, திரும்பவும் அதையே சொன்னான். சொல்லச் சொல்ல அழுதான். என்னைச் சொல்லவில்லை, குடத்தைச் சொல்லவில்லை. கழுவிவிட்டேன் என்பதை மட்டும் சத்தமாக, தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

நான் இன்னும் மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை. அவன் பேசி முடிக்கட்டும் என்று கேன்களுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றேன்.